எந்த ஷிப்டுக்கு எந்த மாத்திரை?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய குவார்ட்டர்ஸ் சுவர்களில் பூஞ்சணம் படரத் தொடங்கியதும் நெய்வேலியில் தும்மல் ஆரம்பித்துவிடும். மார்கழிப் பனி அதைக் கூட்டும். பனி விலகி வெயில் ஏறினால் சுரங்க மண்ணும், சாம்பல் ஏற்றிய லாரிகள் கிளப்பும் புழுதியும் மந்தாரக்குப்பம் சாலையில் கண்ணைக் கரிக்கும். வேலியோரச் சீமைக்கருவேலமும் வெற்றிடங்களில் மண்டிய பார்த்தீனியமும் தம் பங்குக்கு மகரந்தத்தைத் தூவும். ஆண்டின் எந்த மாதத்தில் பார்த்தாலும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு ஒருவர் மருந்துக் கடை முன் நிற்பார். "ஒரு அலர்ஜி மாத்திரை குடுங்கண்ணா" என்றதும் கடைக்காரர் அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்துவிடுவார். சீட்டு கேட்கும் வழக்கமில்லை. விலையும் ஒரு டீக்கு மேல் வராது.

அந்த மாத்திரை என்ன மாத்திரை, வாங்குபவர் அடுத்த எட்டு மணி நேரத்தில் என்ன வேலை செய்யப் போகிறார் என்ற இரண்டு கேள்விகளும் அந்த இடத்தில் எழுவதே இல்லை. வேறு ஊரில் இதை அசட்டை என்று கடந்துவிடலாம். நெய்வேலியில் கடக்க முடியாது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாகி, 1961-இல் முதல் நிலக்கரி வெளியே வந்த நாளிலிருந்து இது இரவிலும் விழித்திருக்கும் ஊர். திறந்தவெளிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் மூன்று ஷிப்டிலும் ஓடுகின்றன. பக்கெட் வீல் எந்திரத்தின் கேபினில் இருப்பவர், ஓடும் கன்வேயர் பெல்ட்டின் ஓரமாக டார்ச்சுடன் நடப்பவர், கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்தபடி இருப்பவர், பெஞ்ச் எனப்படும் சுரங்கப் படித்தட்டுகளுக்கு இடையே டம்பர் ஓட்டுபவர் என்று இங்கே பலரின் உயிர் இன்னொருவரின் விழிப்பில் இருக்கிறது. ஆகவே, நெய்வேலியில் அலர்ஜி மாத்திரையை ஹெல்மெட், சேஃப்டி ஷூ வரிசையில் வைத்துத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாத்திரை உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானே விளங்கும். தூசியோ மகரந்தமோ ஒத்துக்கொள்ளாதவர்களின் மூக்கு, கண், தோல் ஆகிய இடங்களில் மாஸ்ட் செல் எனப்படும் உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது போய்ச் சேரும் இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, நரம்பு முனைகள் அரிக்கின்றன. தும்மல், மூக்கொழுகல், கண் சிவப்பு, தோலில் திட்டுத் திட்டாய்த் தடிப்பு எல்லாம் இதன் விளைவுகள். ஹிஸ்டமின் உட்காரும் இடத்தில் முன்னதாகவே போய் உட்கார்ந்துகொள்வதுதான் மாத்திரையின் வேலை. எனவே, அடுக்குத் தும்மல் வந்த பிறகு விழுங்குவதைவிட, தூசியில் இறங்கப்போவது தெரிந்தால் முன்கூட்டியே விழுங்குவது கூடுதல் பலன் தரும். ஏற்கெனவே அடைத்துப்போன மூக்கை இது அவ்வளவாகத் திறக்காது. தும்மலையும் அரிப்பையும் ஒழுகலையும்தான் நன்றாக அடக்கும்.

சிக்கல் மூளையில் இருக்கிறது. மூக்கில் தொல்லை தரும் அதே ஹிஸ்டமின், மூளைக்குள் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் பொருள்களில் ஒன்று. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே 1937-இல் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் பொருளைக் கண்டறிந்தார். 1942-இல் மனிதர்களுக்குக் கொடுக்கத்தக்க மருந்து வந்தது. 1957-இல் போவேக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்து மருந்துகளும் அவற்றின் வழிவந்தவையும் மூளையின் காப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போய், விழிப்பைக் காக்கும் ஹிஸ்டமினையும் சேர்த்துத் தடுத்துவிடுகின்றன. நம் கடைகளில் 'சிபிஎம்' என்று கேட்டால் கிடைக்கும் குளோர்பெனிரமின், 'அவில்' என்று எல்லோருக்கும் தெரிந்த பெனிரமின், புரோமெதாசின், அரிப்புக்கு எழுதித் தரும் ஹைட்ராக்சிசின், சில இருமல் சிரப்புகளில் இருக்கும் டைபென்ஹைட்ரமின் ஆகியவை இந்தப் பழைய வகை. 1980-களிலிருந்து வந்த லோராடடின், செடிரிசின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் போன்றவை மூளைக்குள் குறைவாகவே நுழைகின்றன. இவற்றுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஃபெக்ஸோஃபெனடினும் பிலாஸ்டினும் தூக்கத்தை ஏறக்குறைய தொடுவதே இல்லை. லோராடடினும் வழக்கமான அளவில் அப்படியே. செடிரிசினும் அதன் தம்பியான லீவோசெடிரிசினும் பழையவற்றைவிட எவ்வளவோ மேல் என்றாலும், கணிசமான பேருக்குக் கண்ணைச் சொருகவைக்கும். நம் ஊரில் 'தூக்கம் வராத மாத்திரை' என்று கொடுக்கப்படுவது பெரும்பாலும் இந்த செடிரிசின்தான்.

"எனக்குத் தூக்கமே வரலையே, நான் போட்டுக்கிட்டுத்தான் வண்டி ஓட்டுறேன்" என்பவர்களுக்காகவே அமைந்ததுபோல ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், நிஜச் சாலைபோலவே அமைந்த ஓட்டுநர் சிமுலேட்டரில், மகரந்த ஒவ்வாமை உள்ள 40 பேரை ஓட்டச் செய்தார்கள். ஒரு முறை டைபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம், ஒரு முறை ஃபெக்ஸோஃபெனடின் 60 மில்லிகிராம், ஒரு முறை மது, ஒரு முறை மருந்தில்லாத வெற்று மாத்திரை. 2000-ஆம் ஆண்டு வெளியான முடிவு: ஃபெக்ஸோஃபெனடின் விழுங்கியவர்கள் வெற்று மாத்திரை விழுங்கியவர்களைப் போலவே ஓட்டினார்கள். டைபென்ஹைட்ரமின் விழுங்கியவர்கள் மது குடித்தபோது ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். அந்த மதுவின் அளவு ரத்தத்தில் 0.1 சதவீதம், நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற எல்லையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இதைவிட முக்கியம் இன்னொன்று. 'தூக்கம் வருகிறதா' என்று அவர்கள் தாங்களே சொன்ன பதிலை வைத்து, யார் மோசமாக ஓட்டுவார்கள் என்று சரியாகக் கணிக்க முடியவில்லை. கண் திறந்திருக்கிறது, கொட்டாவி வரவில்லை, ஆனாலும் முன்னே போகும் வண்டி பிரேக் போட்டதைக் கவனிப்பதில் தாமதம் வந்துவிடுகிறது. நம் உணர்வை நம்பி முடிவெடுக்க முடியாத இடம் இது.

சட்டமும் இதை அறியாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவை மக்கள் குடிபோதைப் பிரிவு என்றே அறிவார்கள். வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் பிடியில் ஓட்டுவதும் அதே பிரிவில் குற்றம். விமானிகள் விஷயத்தில் அமெரிக்க விமானத் துறை பல ஆண்டுகளாகத் தெளிவாக இருக்கிறது: ஃபெக்ஸோஃபெனடின், லோராடடின் போட்டுக்கொண்டு பறக்கலாம், செடிரிசின் கூடாது, டைபென்ஹைட்ரமின் போட்டால் 60 மணி நேரம் கழித்தே விமானத்தைத் தொட வேண்டும். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள பக்கெட் வீல் எந்திரத்தை இயக்குபவருக்கு இப்படி ஒரு பட்டியலாவது வேண்டாமா?

60 மணி நேரம் என்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால், குளோர்பெனிரமினை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கும். இரவு படுக்கும்போது போட்ட மாத்திரை காலை ஷிப்டுக்குப் பஸ் ஏறும்போதும் உடலில் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்து வந்து, பகலில் தூங்குவதற்கு முன் போட்டது அன்று இரவு மறுபடி சுரங்கத்தில் இறங்கும்போதும் இருக்கிறது. 'தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்' என்ற கணக்கு இந்த மாத்திரையிடம் செல்லாது. ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவர்களுக்கு ஏற்கெனவே தூக்கக் கடன் இருக்கும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு உடல் தானாகவே சரியும். அதன்மேல் மாத்திரை ஏறுகிறது. ஷிப்ட் முடிந்ததும் டூ வீலரில் வடலூருக்கோ சேத்தியாத்தோப்புக்கோ போகிறவரை நினைத்தால் எனக்கு எந்திரத்தைவிட அந்தச் சாலைதான் பயமாக இருக்கிறது. வீடு திரும்பும் வழியில் டாஸ்மாக்கில் நிற்கும் பழக்கமும் இருந்தால், இரண்டும் சேர்ந்து மூளையை அழுத்தும் கணக்கு கூட்டல் அல்ல, அதைவிடப் பெரியது. தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, சில மனநல மருந்துகளுடனும் இதே ஆபத்துதான்.

பழைய வகை மாத்திரைகளுக்கு இன்னொரு குணம் உண்டு. நெய்வேலி வெயிலுக்கு அது சுத்தமாக ஆகாது. அவை வாயை உலர்த்துவதுபோல வியர்வையையும் குறைக்கின்றன. கத்திரி வெயிலில், நிழலில்லாத சுரங்க பெஞ்சில் நிற்பவரின் உடல் வெப்பத்தை வெளியேற்ற வியர்வையைத்தான் நம்பியிருக்கிறது. அது தடைபட்டு மயக்கம் வந்தால் 'வெயில் தாக்கிடுச்சு' என்று சொல்லிவிடுகிறோம். காலையில் போட்ட மாத்திரையை யாரும் விசாரிப்பதில்லை. இதே குணத்தால்தான் புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், ஒருவகை கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குப் பார்வைக்கே ஆபத்து வரும், மலச்சிக்கல் கூடும், வயதானவர்கள் பேச்சு குழறி, இரவில் எழுந்து நடந்து விழுந்துவிடுவார்கள். ஓய்வுபெற்று டவுன்ஷிப்பைச் சுற்றியே வீடு கட்டிக்கொண்ட பெரியவர்கள் இங்கே நிறைய. மூக்கொழுகலுக்குப் போட்ட சிபிஎம் மாத்திரையால் சிறுநீர் அடைத்து நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை அவர்களுக்கு வரக் கூடாது. அறுபதைக் கடந்தவர்கள் பழைய வகையைத் தொடாமலிருப்பதே நல்லது.

சரி, எதை, எப்படிப் போடுவது? மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை பெரியவர்களுக்குச் செடிரிசின் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், லீவோசெடிரிசின் 5, லோராடடின் 10, ஃபெக்ஸோஃபெனடின் மூக்கு அலர்ஜிக்கு 120, தோல் தடிப்புக்கு 180, பிலாஸ்டின் 20. எல்லாமே ஒரு நாளைக்கு ஒன்றுதான். கேட்கவில்லை என்று மத்தியானம் இன்னொன்று போடுவது பலனை அல்ல, தூக்கக் கலக்கத்தையே கூட்டும். நாள்பட்ட தோல் தடிப்புக்கு மருத்துவர்கள் சில வேளை அளவைக் கூட்டுவார்கள்; அது அவர்கள் பார்த்துச் செய்ய வேண்டியது. செடிரிசின் வகைகள் சிறுநீர் வழியே வெளியேறுபவை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் கிரியாட்டினின் அளவைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் போடக் கூடாது. ஃபெக்ஸோஃபெனடினை வெறும் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸுடன் சேர்ந்தால் உடலில் சேரும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஜெல்லும் அப்படித்தான். பிலாஸ்டினுக்கு வெறும் வயிறு வேண்டும்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தாங்களே வாங்கிப் போடக் கூடாது. அவர்களுக்கு ஏற்றவை உண்டு, தேர்வு மருத்துவருடையது.

எந்தப் புதிய மாத்திரையையும் முதன்முதலாக விடுமுறை நாளில் போட்டுப் பாருங்கள். வார விடுப்பு நாளில் வீட்டில் இருக்கும்போது போட்டு, அன்றும் மறுநாளும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அயோவா ஆய்வு சொன்னதுபோல 'தூக்கம் வரவில்லை' என்ற உணர்வு முழு உத்தரவாதம் தராது. ஆனால், தூக்கம் வருகிறது என்றால் அந்த மாத்திரை உங்கள் வேலைக்கு ஆகாது என்பது மட்டும் உறுதி. செடிரிசின்தான் கைவசம் இருக்கிறது என்றால், அடுத்த நாள் முழுவதும் விடுப்பாக உள்ள இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடையின் 'செட்' மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சளி, தும்மல், உடம்பு வலி என்றால் மூன்று நான்கு மாத்திரைகளை வெவ்வேறு அட்டையிலிருந்து வெட்டி, ஒரு காகிதத்தில் மடித்து 'ஒரு செட்' என்று கொடுக்கிறார்கள். பெயர் இல்லை, அளவு இல்லை, காலாவதித் தேதி இல்லை. அதற்குள் சளிக் கூட்டு மாத்திரை ஒன்று இருந்தால் அதில் சிபிஎம்மும் பாராசிட்டமாலும் பினைலெப்ரினும் சேர்ந்தே இருக்கும். பக்கத்தில் தனிப் பாராசிட்டமால், தனி அலர்ஜி மாத்திரை. ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போகிறது. பினைலெப்ரின் ரத்த அழுத்தக்காரர்களுக்கு நல்லதல்ல. அதோடு, வாய்வழியே விழுங்கினால் அது மூக்கடைப்பைத் தீர்ப்பதே இல்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் நிபுணர் குழு 2023-இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. செடிரிசின் வகையுடன் மாண்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையும் இங்கே சர்வசாதாரணம். மாண்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகும் என்பதால் 2020 மார்ச்சில் அமெரிக்கா அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. சாதாரண மூக்கு அலர்ஜிக்கு வேறெதுவும் கேட்காதபோது மட்டுமே அதைக் கொடுக்கச் சொன்னது. நம் ஊரில் அது முதல் மாத்திரையாக இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் தயவுதாட்சண்யம் காட்டவே கூடாது. 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை, குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று புட்டியில் அச்சிடச் சொன்னது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகளைக் கொன்ற கோல்ட்ரிஃப் சிரப்பிலும் இந்தக் கூட்டுதான் இருந்தது. கொன்றது இந்த மருந்துகள் அல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்தத் தொகுப்பில் 48.6 சதவீதம் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம். ஆனாலும், தேவையே இல்லாத ஒரு சிரப்பு அத்தனை சின்னக் குழந்தைகளின் வாய்க்குள் எப்படிப் போனது என்ற கேள்வி நம் மாநிலத்துக்கும் உரியது. சாதாரணச் சளி தானாகவே ஆறும். பஸ் பயணத்தில் குழந்தை அழாமல் தூங்கட்டும் என்று அலர்ஜி சிரப்பு கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு மூச்சே தளர்ந்துபோகும் அபாயம் அதில் உண்டு. புரோமெதாசினை இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது என்பது இருபது ஆண்டுகளாக இருந்துவரும் எச்சரிக்கை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாத்திரை சரியாக இருந்து, நோய் வேறாக இருப்பது. நெய்வேலியில் இது அடிக்கடி நடக்கக் கூடியது. நிலக்கரித் துகளும் சாம்பலும் மூக்கையும் தொண்டையையும் நேரடியாக உரசி எரிச்சலூட்டுபவை. அங்கே ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கில்லை, மாத்திரைக்கும் வேலையில்லை. முகக்கவசம், தண்ணீர் தெளிப்பு, மூடிய லாரி, கேபின் வடிகட்டி, வேலை முடிந்ததும் உப்புநீரில் மூக்கைக் கழுவுதல் ஆகியவைதான் அதற்கு மருந்து. தூசியைக் குறைக்க வேண்டிய பொறுப்பைத் தொழிலாளியின் சட்டைப் பையில் இருக்கும் மாத்திரை அட்டையின் மீது இறக்கிவைக்க முடியாது. தும்மலுடன் இரவு இருமலும் நெஞ்சில் விசில் சத்தமும், படியேறினால் இளைப்பும் இருந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். அலர்ஜி மாத்திரை ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தாது. மூக்கொழுகலை மட்டும் நிறுத்தி, 'சரியாகிவிட்டது' என்ற பொய்யான ஆறுதலைத் தரும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் இன்ஹேலரும் தள்ளிப்போகும். இன்ஹேலர் போட்டால் 'அதற்கு அடிமையாகிவிடுவோம்' என்ற பயத்தில் பல ஆண்டுகள் மாத்திரையிலேயே ஓட்டுபவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பயம் ஆதாரமற்றது. வாரத்தில் பாதி நாள் மூக்கு அடைத்தே இருப்பவர்களுக்கும் மாத்திரையைவிட, மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேதான் நல்ல பலன் தரும். ஆனால், அது முழு பலனைக் காட்ட ஓரிரு வாரம் பிடிக்கும். கடையில் கிடைக்கும் 'போட்டதும் மூக்கு திறக்கும்' சொட்டு மருந்து வேறு. அதை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மூக்கு அதைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

தோல் அரிப்பிலும் இதே கதை. வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரிக்கிறது, விரலிடுக்கில் பொரிப்பொரியாக இருக்கிறது என்றால் அது சொறிப்பூச்சி. பெர்மெத்ரின் களிம்பைக் குடும்பமே ஒரே நாளில் பூச வேண்டும். தொடையிடுக்கில் வட்டமாகப் படர்ந்தால் படர்தாமரை. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் பாருங்கள். கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலை வெந்துபோகச் செய்கிறது. அந்தக் கைகளுக்கு வேண்டியது நல்ல கையுறையும் தோல் மருத்துவரும். மாத்திரை போட்டு அரிப்பு மரத்த நிலையில் மறுநாளும் கொட்டை உடைப்பது புண்ணை ஆழப்படுத்தும்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று. கதண்டோ குளவியோ கொட்டிய பிறகு, அல்லது ஒத்துக்கொள்ளாத உணவோ ஊசியோ உடலுக்குள் போன பிறகு, சில நிமிடங்களில் உடல் முழுக்கத் தடித்து, தொண்டை அடைத்து, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் அங்கே அலர்ஜி மாத்திரையைத் தேடி ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. அவில் ஊசியும் அந்த நேரத்தில் உயிரைக் காக்காது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின்தான் உயிர்காக்கும் மருந்து. ஆளைப் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, மூச்சு வாங்கினால் மட்டும் சாய்ந்து உட்காரவைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். எழுப்பி நடக்கவிடக் கூடாது. முட்புதர் வெட்டவும் வரப்பு வெட்டவும் போகிற ஊரக வேலைத் திட்டக் குழுக்களுக்கும், சுரங்கத்தின் ஓரக் காடுகளில் வேலை செய்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சுரங்க முதலுதவி அறை ஒவ்வொன்றிலும் அட்ரினலின் ஆம்பூல் இருப்பதையும், அதைப் போடத் தெரிந்தவர் எல்லா ஷிப்டிலும் இருப்பதையும் நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும்.

பல மாதங்களாகத் தினமும் செடிரிசின் போட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிட வேண்டாம். நீண்ட நாள் போட்டு நிறுத்தியவர்களில் சிலருக்குத் தாங்க முடியாத அரிப்பு வருவதை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் எச்சரித்தது. அரிதுதான்; ஆனால், அந்த அரிப்பைப் பழைய நோய் திரும்பிவிட்டது என்று எண்ணி மறுபடி மாத்திரைக்கே போய்விடுவார்கள். மருத்துவரிடம் கேட்டு மெல்ல மெல்லக் குறைக்கலாம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறியத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குப் போகிறவர்கள், அதற்கு ஐந்தாறு நாள் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும்.

இதையெல்லாம் தனிமனிதரின் கவனத்திடம் மட்டும் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. சுரங்கத் தொழிலாளருக்குக் காலமுறை மருத்துவப் பரிசோதனையை 1955-ஆம் ஆண்டின் சுரங்க விதிகளும், பயிற்சியையும் புத்தாக்கப் பயிற்சியையும் 1966-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சி விதிகளும் கட்டாயமாக்கின. அந்தப் பரிசோதனையில் 'என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள், கடையில் வாங்கியது உட்பட' என்ற ஒரு கேள்வியும், அந்தப் பயிற்சியில் மருந்தும் விழிப்பும் பற்றிய ஒரு மணி நேரமும் சேர்ந்தால் போதும், பெரிய செலவில்லை. அலர்ஜிக்கு எழுதித் தரும் மருத்துவர், 'எந்த ஷிப்ட், என்ன வேலை?' என்று கேட்டுவிட்டு எழுத வேண்டும். மருந்துக் கடைக்காரரும் அதையே கேட்கலாம், "நைட் ஷிப்டாண்ணா? அப்போ இது வேணாம், இதப் போடுங்க" என்று மாற்றித் தருவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. ஃபெக்ஸோஃபெனடின் சில ரூபாய் கூடுதல் என்பது உண்மை. எந்திரம் இயக்குபவர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் அந்தக் கூடுதல் ரூபாயை நிறுவனம் கொடுக்கட்டும்.

இதில் கடினமான பகுதி ஒப்பந்தத் தொழிலாளர்களுடையது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லாதவர், தும்மிக் களைத்த உடம்போடு இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு ஷிப்டுக்கு வந்துவிடுவார். மேற்பார்வையாளரிடம் "மாத்திரை போட்டிருக்கேன் சார்" என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, அடுத்த வாரம் பெயரே பட்டியலில் இருக்காதோ என்று அஞ்சி வாயைத் திறக்க மாட்டார். அவர் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், சொன்னதற்காக ஒரு ரூபாயும் குறையாது, அன்றைக்கு மட்டும் பெல்ட்டை விட்டுத் தள்ளி வேறு வேலை தரப்படும் என்ற உறுதி எழுத்தில் வேண்டும். ஒப்பந்ததாரருடன் போடும் பணி ஆணையிலேயே அந்த வரியைச் சேர்க்க நிர்வாகத்தால் முடியும். அதைக் கேட்டு வாங்கத் தொழிற்சங்கங்களால் முடியும்.